படத்தில் இருப்பது நான்தான், மச்சான்

என் உசுரான மச்சான் ஏழுமலைக்கு,

கோவிந்தன் பேசுகிறேன். இது காதில் விழுகிற இடத்தில் இருக்கிறாயோ, இல்லை அங்கேயும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறாயோ, தெரியவில்லை. எனக்கு எழுதப் படிக்க வராது. பஸ் போர்டைக்கூட நீதானே படித்துச் சொல்வாய். இப்போது நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி டைப் அடிக்கிறாள். "மாமா, நீங்க பேசறத அப்பிடியே போட்டா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது" என்று ஏட்டுத் தமிழாக மாற்றிக்கொண்டே வருகிறாள். அதனால் நடுவில் எங்கேயாவது நான் பெரிய மனுஷன் மாதிரி பேசினால், அது அவள் வேலை.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. வெள்ளிமலைக்கு இப்போது ஜீப்பில் ஏறுகிற ஆள் கம்மி. உன் வண்டியைச் சின்னசேலத்துக்காரர் ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார். அதில் தக்காளி ஏற்றுகிறாராம். போன வாரம் கச்சிராயபாளையத்தில் பார்த்தேன். சாயம் மாற்றியிருக்கிறார். ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது அதே இருமல். நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பைக்குக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

உன் மகள் கவிதாவுக்கு, நீ போன அடுத்த மாசம் பெண் குழந்தை பிறந்தது. பேர் யாழினி. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் வேலை, வாரம் ஒரு தரம் வருகிறான். கவிதாவும் குழந்தையும் அம்மா அஞ்சலையோடுதான் இருக்கிறார்கள். குழந்தை நன்றாகப் பேசுகிறாள். கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசுகிறாள். அந்தப் பேச்சில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது மச்சான். செய்தது நான்தான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

செல்வி கள்ளக்குறிச்சியில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையால்தான் போகிறது. உனக்கு வைத்த பேனரும் அவள் செய்ததுதான். உன் போட்டோ என்று உருப்படியாக ஒன்று கிடையாதே, ஆதார் அட்டையில் இருந்த தலையை எடுத்து, கோட்டு சூட்டு போட்ட யாரோ ஒருத்தன் உடம்பில் பொருத்திவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் நீ கலெக்டர் மாதிரி நின்றாய். மலையிலிருந்து இறங்கிய சனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரோ பெரிய ஆபீசரு பூட்டாரு போல" என்று சந்தைக்குப் போய்விட்டார்கள். பிறகு யாரோ சொல்லித்தான் புளி மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தார்கள்.

நீ போன பிறகு நான் டீக்கடையில் உட்கார்ந்து உன் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பலாப்பழக் கதை இருக்கிறதே, சம்பந்தி வீட்டுக்குப் பழம் கொண்டுபோன கிழவி, "இது குலுங்கக் கூடாது" என்று முன் சீட்டிலிருந்த என்னைப் பின்னால் துரத்திவிட்டு அங்கே பழத்தை உட்கார வைத்தாளே. நீயும் ஒன்றும் சொல்லாமல், வளைவுக்கு வளைவு ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் பலாப்பழம் என்று மலை இறங்கினாய். பின்னால் ஆட்டுக்குட்டியோடு நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. சரி, எங்கேயோ போய்விட்டேன்.

கதையைக் கேட்ட செல்வி, "மாமா, இத வீடியோவா போடலாம். நீங்க கதைய சொல்லுங்க, படத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். ஏஐ என்கிறார்கள் மச்சான். இன்ன மாதிரி ஆள், இன்ன மாதிரி இடம் என்று எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே படம் போட்டுத் தந்துவிடுகிறது. மலை நன்றாக வந்தது. ஜீப்பு நன்றாக வந்தது. பலாப்பழம் கையால் தொடலாம் போல வந்தது. நீ மட்டும்தான் வரவில்லை.

முதல் படத்தில் சினிமாக்காரன் மாதிரி செக்கச்செவேல் என்று இருந்தாய். அடுத்த வளைவில் தாடி முளைத்துவிட்டது. அதற்கடுத்த வளைவில் ஆளே வேறு. அதையும் தெரியாத்தனமாகப் போட்டுவிட்டோம். பார்த்தவன் ஒருத்தன் கீழே எழுதியிருந்ததை செல்வி படித்துக் காட்டினாள். "வளைவுக்கு ஒரு டிரைவர மாத்தறீங்களே, டிரைவர் சங்கம் நடத்துறீங்களா?"

"ஏன்மா இப்பிடி ஆவுது?" என்றேன்.

"அதுக்கு மின்ன போட்டது ஞாபகம் இருக்காது மாமா. ஒவ்வொரு தபாவும் புது ஆள பாக்குற மாதிரிதான் வரையும். நாமதான் இவரு இன்னாருன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கினே இருக்கணும்."

சரி, அடையாளம் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். மாநிறத்துக்கும் ஒரு படி கம்மி. ஏறிப்போன நெற்றி. இடது புருவத்தில் ஒரு வெட்டு. காக்கிச் சட்டை, மேல் பொத்தான் கிடையாது. வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கரும்போடு சேர்ந்து மிசினில் நசுங்கிப் போன ஆள்காட்டி விரல் நுனி. அதை ஒரு எழுத்து மாறாமல் படத்துக்குப் படம் போட்டாள். சட்டை நின்றது. பொத்தான்கூட ஒழுங்காக இல்லாமல் போனது. புருவ வெட்டு இடமும் வலமும் நடந்துகொண்டே இருந்தது. விரல் மட்டும் ஒவ்வொரு தரமும் திரும்ப முளைத்துவிடும். விரல் இல்லை என்று அழுத்திச் சொன்னால் கை முழுக்கக் கட்டுப் போட்டு வரைந்தது. மூஞ்சியோ, ஒரு படத்தில் அண்ணன், மறு படத்தில் தம்பி, அடுத்ததில் பக்கத்து ஊர்க்காரன்.

"போட்டோ குடுத்தா புடிச்சிக்கும் மாமா. நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு, சிரிச்சா மாதிரி ஒண்ணு."

எங்கே போவது? எந்தக் கல்யாணத்தில் நீ போட்டோவுக்கு நின்றிருக்கிறாய்? வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே போய்விடுவாய். ஆதார் படத்தில் கண் பாதி மூடியிருக்கிறது. உன் கல்யாணப் போட்டோ ஒன்றுதான் பாக்கி. அதுவும் ஓதம் ஏறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை பிரிக்கப் போனதில் உன் மூஞ்சி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அவள் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது, புது மெருகு குலையாமல்.

உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மகனும் இல்லை. அணைப் பக்கம் மீன் வாங்கப் போனால், "அண்ணன் தம்பிங்களா?" என்று நம்மைக் கேட்பார்களே. அது ஞாபகம் வந்துவிட்டது.

"எம் மூஞ்சிய வச்சிக்க."

செல்வி தயங்கினாள். "வேணாம் மாமா. அத்த ஒண்ணு சொல்லப் போறாங்க."

"அஞ்சலையா? கூடப் பொறக்காட்டியும் அது எந் தங்கச்சி. அது இன்னா சொல்லப் போவுது?"

ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான். நாலு தெரு தள்ளித்தான் வீடு. கேட்டிருக்கலாம்.

சுவர் ஓரமாக என்னை நிற்க வைத்து நேராக, பக்கவாட்டில், அண்ணாந்து, சிரித்து என்று எடுத்தாள். நெற்றியை ஏற்றினாள், நிறத்தைக் குறைத்தாள், வயசைக் கழித்தாள். மீசை மட்டும் என்னுடையது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஆள் மாறவே இல்லை. மழையில் ஒரே ஆள், வெயிலில் ஒரே ஆள், டயர் கழற்றினாலும் டீ குடித்தாலும் ஒரே ஆள். வெள்ளிமலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிற ராமர், முப்பது வருஷம் உன் வண்டியில் சரக்கு ஏற்றினவர், செல்விக்குப் போன் போட்டு, "அப்பிடியே நம்ம ஏழுமலைம்மா" என்று அழுதிருக்கிறார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. ஆயுசெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன், ஸ்டியரிங் பிடித்துப் பார்த்த மாதிரி. இதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

கடைசிக் காலத்துக் கதைகளையும் சொன்னேன். அதில் வயசு குறைக்க வேண்டியது இல்லை. அச்சு அசல் நான்தான். கவிதா அந்த வீடியோவைக் காட்டித்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவாளாம். மாமன் சாயல் கொஞ்சம் அடிக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கம்ப்யூட்டர் செய்வது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு உன் கல்யாணக் கதையைச் சொன்னேன். திருநாவலூர் கோயிலில் முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். வழியில் எவனுக்கோ பஞ்சர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து தாலி கட்டினாயே, அந்தக் கதை. அதற்கு அஞ்சலையே அந்தப் போட்டோவைக் கொடுத்தனுப்பினாள். அவள் வைத்திருப்பது பட்டன் போன். அதுவரைக்கும் ஒரு வீடியோகூடப் பார்த்ததில்லை. செல்வி போட்டோவிலிருந்த அஞ்சலை முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். பக்கத்தில், தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்து ஏழுமலை.

புரிகிறதா மச்சான்? எனக்குப் புரியவில்லை. மறுநாள் டீக்கடைக்குப் போனேன். கடைக்கார மணி கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டான்:

"இன்னா கோவிந்தா, தங்கச்சி தங்கச்சின்னு சொல்லிக்கினு இருந்த, தாலி கட்டிட்டியே. பந்தி எப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே எனக்கு உறைத்தது.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். குழந்தையும் கூட வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை.

"அண்ணே, நான் உன்ன அண்ணன்னு எப்ப இருந்து கூப்புடறேன்?"

"இன்னா அஞ்சலை இப்பிடிக் கேக்கற?"

"பதில் சொல்லு."

"கல்யாணத்துல இருந்து."

"அந்தக் கல்யாணத்துலதான் நீ எனக்குத் தாலி கட்டறன்னு ஊரே பாத்துக்கினு இருக்குது."

நான் கம்ப்யூட்டர், போட்டோ, ஒரே ஆள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மிசினு கேட்டா மூஞ்சி குடுப்ப. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மட்டும் உனக்குத் தோணல இல்ல?" என்றாள்.

அதோடு முடியவில்லை. அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து யாழினி எட்டிப் பார்த்தாள். "ஜீப்பு தாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, ஜீப்பு எங்க? என்னிய ஏத்திக்கினு போ." அஞ்சலை அவளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனாள். தெருமுனை வரைக்கும் குழந்தையின் அழுகை கேட்டது. உன் பேத்திக்கு நீ என்றால் என் மூஞ்சி, மச்சான்.

செல்வி அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். எடுத்தால் போய்விடுமா? ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார்கள். கல்யாணப் படத்துக்கு எவனோ பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். சரி, மூஞ்சியையாவது மாற்றுவோம் என்று செல்வியும் கவிதாவும் உட்கார்ந்தார்கள். கவிதாவின் தாடை, நெற்றி எல்லாம் எடுத்து, உன் மாதிரியே ஒருத்தனைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது உண்மையிலேயே உன் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. போட்டோம். "யாருப்பா இது? எங்க ஏழுமலைய காட்டுங்க" என்று வரிசையாக எழுதினார்கள். வெள்ளிமலை ராமரும் போன் போட்டார். "மொதல்ல போட்டதுதாம்மா ஏழுமலை. இது யாரோ மாரி இருக்குது."

முப்பது வருஷம் உன் பக்கத்தில் நின்று சரக்கு இறக்கினவர் சொல்கிறார்.

அவரை விடு, நான் என்ன ஒழுங்கு? கண்ணை மூடி நாம் மலை ஏறினதை நினைத்துப் பார்க்கிறேன். வளைவு வருகிறது, பனி வருகிறது, கடுக்காய் மூட்டை வாசனைகூட வருகிறது. ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து சீட்டிலும் நான்தான். நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் மச்சான்?

அந்த மூஞ்சி என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லி ஒரு வீடியோ போட்டுவிடுகிறேன் என்று அஞ்சலையிடம் ஆள் விட்டேன். "வேணாம். அதுக்குன்னு தேடிப்போயி இன்னும் நாலு பேரு பாப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் அவளுக்கு அசிங்கம். சொல்லாவிட்டால் குழந்தைக்குப் பொய். பஸ்ஸுக்குப் போக உன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கரும்புக்குள் புகுந்து வாய்க்கால் கரை வழியாகப் போனேன். கரும்புச் சோகை கை கால் எல்லாம் கீறிவிட்டது. சொந்த ஊரில், திருடன் மாதிரி, மூன்று வயசுப் பிள்ளைக்குப் பயந்துகொண்டு.

ஒரு நாள் கவிதா அந்த வாய்க்கால் கரையிலேயே என்னை மறித்துவிட்டாள்.

"மாமா, ஜீப்பு தாத்தா வந்தாத்தான் துன்னுவேன்னு அடம் புடிக்கறா. எங்கப்பன நெனச்சி அழுவறாளா, உங்கள நெனச்சி அழுவறாளான்னு எனக்கே புரியல. ஊரு பேசிட்டுப் போவட்டும்னு அம்மா சொல்லிடுச்சி. இவ உங்கள அப்பிடிக் கூப்புடறத மட்டும்தான் அதால தாங்க முடியல."

படத்து மூஞ்சியை ஊரிடமிருந்து பிடுங்க முடியாது. என் மூஞ்சியை என்னிடமிருந்து எடுக்கலாம் இல்லையா? நேராக முடி வெட்டுகிற சேகர் கடைக்குப் போனேன்.

"மொட்டை போடு. மீசையும் எடு."

சேகர் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "யாரு பூட்டாங்க?"

"ஏழுமலை."

"அவன் பூட்டு மூணு வருசம் ஆவுது. அதுவும் நீ மச்சான் மொறை. பங்காளிங்கதான மீசை எடுப்பாங்க? நீ எடுத்தா மொறை கெட்டுப் பூடும்."

"கெட்டது போதும்னுதான் எடுக்கச் சொல்றேன். பேசாம எடு."

நீ செத்த அன்றைக்கு முறை பார்த்து ஒதுங்கி நின்றவன் நான். உன் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்து மீசை எடுத்துக்கொண்டார்கள், நான் தண்ணிக்குடம் தூக்கிக்கொண்டிருந்தேன். முதல் மீசை அரும்பினதிலிருந்து கத்தி படாத இடம் அது. எடுத்து முடித்துக் கண்ணாடியைக் காட்டினான். உள்ளே யாரோ ஒரு கிழவன் இருந்தான். சேகர் பாவம், சிரிப்பை அடக்க முடியாமல், "முட்ட மாரி இருக்கிறப்பா" என்றான்.

அப்படியே உன் வீட்டுக்குப் போனேன். நேர் ரோட்டில், எல்லாரும் பார்க்க. யாழினி வாசலில் டப்பாவை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அஞ்சலையின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, யாரு இது?"

நான் வேண்டியது அதுதான் மச்சான். அதைக் கேட்டதும் என் கை தானாகப் போய் மீசை இருந்த இடத்தைத் தடவியது.

அஞ்சலை என் தலையைப் பார்த்தாள், மூஞ்சியைப் பார்த்தாள். பிறகு குழந்தையிடம் சொன்னாள்: "எங்க அண்ணன்டி."

"ஜீப்பு தாத்தா வர்லியா?"

"வர்ல."

எனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். "இப்ப எழுதிப் போடு அண்ணே. படம் கிடம் வேணாம், எழுத்தா போடு. அந்த மூஞ்சி எங்க அண்ணனுதுன்னு போடு. வெளக்கம் ஒண்ணும் குடுக்காத. அண்ணன்னு போட்டா போதும்." அதனால்தான் இந்தக் கடிதம். வீடியோ போட்ட அதே இடத்தில் செல்வி இதைப் போடப்போகிறாள். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் வைத்திருக்கிற படத்தில் இருப்பது ஏழுமலை இல்லை. அஞ்சலையின் அண்ணன் கோவிந்தன். அழித்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி.

இதிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன் என்று நினைக்காதே மச்சான். நாலு நாளில் மீசை முள் முள்ளாகக் கிளம்பிவிடுகிறது. தடவிப் பார்க்கும்போதே பயமாக இருக்கிறது. வளர விட்டால் படத்து ஏழுமலை தெருவில் வந்து நின்றுவிடுவான். திரும்பவும் சேகர் கடைக்கு ஓடுகிறேன். இன்னும் எத்தனை வருஷத்துக்கு? குழந்தை பெரியவளாகி, சொன்னால் விளங்குகிற வயசு வரைக்கும். அதுவரை நான் இருக்க வேண்டுமே.

இப்போது தினமும் உன் வீட்டுக்குப் போகிறேன். கதை சொல்கிறேன், வெறும் வாயால். யாழினி கேட்பாள், சிரிப்பாள், பலாப்பழத்துக்கு என்ன ஆச்சு என்பாள். கதை முடிந்ததும் எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்து, கச்சிராயபாளையம் ரோட்டைப் பார்ப்பாள். ஜீப்பு சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். அவள் தேடுகிற மூஞ்சியை மழித்துவிட்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். உன் கதைக்கு இனி யார் மூஞ்சியையும் வைக்க மாட்டேன். அவள் அந்தப் படியில் உட்காருகிற நாள் வரைக்கும் நானும் பக்கத்தில் உட்காருவேன்.

இப்படிக்கு,
அஞ்சலைக்கு அண்ணன்,
மீசை இல்லாத உன் மச்சான்
கோவிந்தன்